வகுப்பறையில் படிந்த கரி யாருடையது? கண்டியில் ஒரு மேட்டில் நடத்திய தேடல்

கண்டி நகரின் வடக்குப் பக்கம், கட்டுகஸ்தோட்டை வீதியிலிருந்து பிரிந்து ஏறும் ஒரு மேடு. ஏற்றத்தின் அடியில் பஸ் தரிப்பிடம், அதற்கு மேலே ஒரு பாடசாலை, பாடசாலைக்குப் பின்னால் சரிவில் லயம் மாதிரி ஒட்டி ஒட்டிக் கட்டிய வீட்டு வரிசை. பாடசாலையின் ஜன்னல் திரை, மேசை, வெள்ளைச் சுவர் எல்லாவற்றிலும் கறுப்பாக ஏதோ படிகிறது. ஆரம்பப் பிரிவுப் பிள்ளைகளுக்கு இருமல் ஓய்ந்தபாடில்லை. பெற்றோர் முறைப்பாடு செய்ததும் மேலிடம் ஒன்றிலிருந்து ஒரு கடிதம் வந்தது: பின்புறக் குடியிருப்பின் விறகு அடுப்புப் புகைதான் காரணம், குடியிருப்பாளர்களுக்கு அறிவுறுத்தவும். குடியிருப்பில் இருப்பவர்கள் பஸ்ஸைக் காட்டினார்கள், பஸ்காரர்கள் தங்களிடம் புகைப் பரிசோதனைச் சான்றிதழ் இருக்கிறது என்றார்கள்.

நான் அதே நகரத்தில் உயர்தர வகுப்புக்கு இரசாயனவியல் படிப்பிக்கிறேன். அந்தக் குடியிருப்பில் என் மாணவி ஒருத்தி இருக்கிறாள், அவளுடைய அம்மா கேட்டதுதான் என்னை இதில் இறக்கியது. “எல்லாரும் எங்க அடுப்பத்தான் சொல்றாங்க டீச்சர். யாராவது அளந்து பாத்தாங்களா?” அளக்கவில்லை. கடிதம் எழுதியவர் அந்த மேட்டுக்கு வந்து போனதாகவும் யாருக்கும் ஞாபகம் இல்லை. ஆகவே நாங்களே அளந்தோம். நாங்கள் என்றால் நான், என் மாணவர்கள் சிலர், பேராதனையில் மேற்படிப்புப் படிக்கும் பழைய மாணவி ஒருத்தி, டீசல் எஞ்சின் வேலையில் தலை நரைத்த ஒரு மெக்கானிக் ஐயா. ஹட்டனிலோ பதுளையிலோ இதே சண்டை நடக்கிற இடத்தில் யாராவது செய்து பார்க்க உதவும் என்பதால் முழுவதையும் எழுதுகிறேன்.

முதலில் கரி என்றால் என்ன என்பதைச் சரியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். டீசலோ விறகோ மண்ணெண்ணெயோ, போதிய காற்றுக் கிடைக்காமல் எரிந்தால் அதிலுள்ள காபன் முழுவதும் காபனீரொட்சைட்டாகிப் போகாது. ஒரு பகுதி சில பத்து நனோமீற்றர் அளவு உருண்டைகளாகி, ஒன்றோடொன்று ஒட்டிச் சங்கிலி சங்கிலியாகக் காற்றில் மிதக்கும். ஒளியை அப்படியே விழுங்கும் இந்தத் துணிக்கையைத்தான் கறுப்புக் காபன் என்கிறோம். மழை வந்து கழுவாவிட்டால் நாட்கணக்கில், சில வேளை ஒரு வாரத்துக்கு மேலும் காற்றிலேயே கிடக்கும். நுண்துகள் என்று செய்தியில் சொல்கிறார்களே, அந்த பிஎம் 2.5 (2.5 மைக்கிரோமீற்றருக்கு மிகாத துகள்கள்) என்பதற்குள் இதுவும் அடக்கம், ஆனால் அதில் ஒரு பகுதி மட்டும்தான். மிச்சத்தில் மண் தூசி, சல்பேற்று, விறகுப் புகையின் தார், உப்பு எல்லாம் இருக்கும். இலங்கையின் 2008 வர்த்தமானி நியமம் பிஎம் 2.5க்கு ஆண்டுச் சராசரியாக ஒரு கன மீற்றருக்கு 25 மைக்கிரோகிராம் என்று வைத்திருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2021இல் தன் வழிகாட்டி அளவை 5 என்று இறக்கியது. கறுப்புக் காபனுக்கு என்று தனி எல்லை இரண்டிலும் இல்லை. இதனால்தான் “காற்று அசுத்தம்” என்று சொல்ல ஓர் இலக்கம் இருக்கிறது, “யார் செய்தது” என்று சொல்ல அந்த இலக்கத்தால் முடிவதில்லை.

கண்டியில் இந்தக் கேள்வி மற்ற ஊர்களை விடக் கடினம். கடல் மட்டத்திலிருந்து சுமார் 500 மீற்றர் உயரத்தில், ஹந்தானை, பஹிரவகந்தை, உடவத்தகெலே என்று மலைகளும் காடும் சூழ்ந்த ஒரு பள்ளத்தில் நகரம் உட்கார்ந்திருக்கிறது. தெளிந்த இரவில் மலைச்சரிவு சீக்கிரம் குளிரும், அந்தக் குளிர்ந்த காற்று பாரமாகிச் சரிவு வழியே கீழே வடியும். பள்ளத்தில் குளிர்ந்த காற்று, அதற்கு மேலே சற்றுச் சூடான காற்று, சட்டிக்கு மூடி போட்ட மாதிரி. வெயில் ஏறி நிலம் சூடாகும் வரை அந்த மூடி திறக்காது. அதுவரை கீழே விடும் புகை எல்லாம் கீழேயே கிடக்கும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

சுவரில் இருந்தது பெரும்பாலும் கரியே இல்லை

எல்லோரும் காட்டிய சாட்சி பாடசாலையின் பின்சுவர். வீட்டு வரிசையைப் பார்த்தபடி இருக்கும் சுவர், மேலிருந்து கீழ் வரை கறுப்பு. “பாருங்கள், அடுப்புப் பக்கம்தானே கறுத்திருக்கு” என்பது வாதம்.

மலைநாட்டில் வீடு கட்டிய எவருக்கும் தெரியும், ஈரம் காயாத சுவர் தானாகவே கறுக்கும். பூஞ்சணமும் பாசியும் செய்யும் வேலை அது. பிரித்துப் பார்ப்பது சுலபம். துணி வெளுக்கும் குளோரின் திரவத்தைத் தண்ணீரில் கலந்து பஞ்சில் தொட்டுச் சுவரில் வைத்தால், பூஞ்சணம் என்றால் சில நிமிடத்தில் நிறம் மங்கும். கரி என்றால் அசையாது, தூய காபனைக் குளோரின் ஒன்றும் செய்யாது. பின்சுவரில் வைத்த இடமெல்லாம் வெளுத்தது. அந்தச் சுவருக்கு வெயில் படுவதே இல்லை, மேலே பீலி உடைந்து மழைத் தண்ணீர் வழிகிறது. அடுப்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

வீதிப் பக்கத்து ஜன்னல் திரையில் மறுபடியும் செய்தோம். அங்கே கறுப்பு அப்படியே நின்றது. விரலில் தேய்த்தால் வழுவழுப்பாக இழுபட்டது, தண்ணீரில் கரையவில்லை. உருப்பெருக்கியில் பார்த்தபோது அதோடு சேர்ந்து நீளமாகச் சுருண்ட ரயர்த் துகள்களும் தெரிந்தன. காந்தத்தைக் கிட்டக் கொண்டுபோனதும் கொஞ்சம் ஒட்டியது, அது பிரேக்கிலிருந்து தேயும் இரும்பு. வீதித் தூசியும் கரியும் ஒன்றாக வந்திருக்கிறது என்பதற்கு இதை விட மலிவான சோதனை எனக்குத் தெரியாது.

இந்த ஒரு வேலையை முதலில் செய்யாமல் கருவி வாங்க ஓடுகிறவர்கள் பலர். மலைநாட்டில் சுவரைப் பார்த்து யாரையும் குற்றம் சாட்டாதீர்கள்.

கருவி சொல்வதும் சொல்லாததும்

இப்போது இணையத்தில் மலிவாகக் கிடைக்கும் நுண்துகள் மானிகள் லேசர் ஒளியைத் துகள்கள் எவ்வளவு சிதறடிக்கின்றன என்று பார்த்து எண்ணுகின்றன. எங்களிடமும் ஒன்று இருந்தது. மலைநாட்டில் அதோடு இரண்டு தொல்லை. பனிமூட்டம் இறங்கினால் நீர்த்துளியையும் துகள் என்று எண்ணும், ஈரப்பதன் கூடிய காலையில் காட்டும் இலக்கத்தை நம்ப முடியாது. அடுத்தது இன்னும் முக்கியம்: புதிதாக வெளிவரும் டீசல் கரி பெரும்பாலும் 0.2 மைக்கிரோமீற்றருக்கும் சிறியது, இந்த வகை மானிகளின் கண்ணுக்கு 0.3க்குக் கீழே உள்ளது சரியாகத் தெரியாது. பஸ் கறுப்பாகக் கக்கிவிட்டுப் போகும்போது மானி அசையாமல் நிற்பதையும், தெருவில் யாரோ குப்பை கூட்டினால் துள்ளி எழுவதையும் பிள்ளைகளே கண்டுபிடித்தார்கள். கரியைத் தேடுகிறவர் இந்த மானியை மட்டும் வைத்துக்கொண்டு முடிவு சொன்னால் டீசல் தப்பிவிடும், தூசி மாட்டிக்கொள்ளும்.

பேராதனை மாணவி ஏத்தலோமீட்டர் ஒன்றைச் சில வாரம் இரவல் எடுத்துத் தந்ததும் வேலை மாறியது. இதன் தத்துவம் எளிமையானது. காற்றை இழுத்து ஒரு வடிதாள் நாடா வழியே விடும், நாடாவில் புள்ளி கறுத்துக்கொண்டே போகும், எவ்வளவு வேகமாகக் கறுக்கிறது என்பதை ஒளியைப் பாய்ச்சி அளக்கும். 370 நனோமீற்றர் புறவூதாவிலிருந்து 950 நனோமீற்றர் அகச்சிவப்பு வரை ஏழு அலைநீளத்தில் அளப்பதில்தான் விஷயம் இருக்கிறது. கறுப்புக் காபனின் செறிவை 880 நனோமீற்றரில் எடுப்பது வழக்கம். டீசல் கரி எல்லா நிறத்தையும் ஏறத்தாழ ஒரே ஒழுங்கில் விழுங்கும், அலைநீளம் குறையக் குறைய அதே விகிதத்தில் உறிஞ்சல் கூடும். விறகுப் புகையில் கரியோடு பழுப்பு நிறத் தார்ப்பொருள்கள் சேர்ந்திருப்பதால் ஊதா, நீலப் பக்கத்தில் மிக அதிகமாக விழுங்கும். அங்ஸ்ட்ரம் அடுக்கு என்று ஓர் எண்ணால் இதைச் சொல்வார்கள்: வாகனப் புகைக்கு 1க்குக் கிட்ட, விறகுப் புகைக்கு 2க்குக் கிட்ட. கணக்குப் போட்டால், 880இல் ஒரு பங்கு உறிஞ்சும் டீசல் கரி 370இல் சுமார் 2.4 பங்கு உறிஞ்சும், விறகுப் புகை சுமார் 5.7 பங்கு. இவ்வளவு வித்தியாசம் இருந்தால் பிரிக்கலாம்தானே.

ஆனால் கண்ணை மூடிக்கொண்டு பிரிக்கக் கூடாது. நாடாவில் கறுப்பு ஏற ஏறக் கருவி குறைத்துக் காட்டும், அதைத் திருத்த வேண்டும். பழைய டீசல் கரியின் மேல் வேறு பொருள் பூச்சாகப் படிந்தால் அதன் அடுக்கும் 1ஐத் தாண்டும். மண்ணெண்ணெய்க் குப்பி விளக்கு வேறொரு சிக்கல். திரி விளக்கில் எரியும் மண்ணெண்ணெயில் 7 முதல் 9 சதவீதம் வரை அப்படியே கரியாகிறது என்று 2012இல் வெளிவந்த அளவீடுகள் காட்டின, அதுவும் ஏறக்குறையத் தூய கறுப்புக் காபன். கருவி அதை “வாகனம்” என்ற கணக்கில்தான் போடும். ஆகவே நிறம் சொல்லும் சாட்சியோடு கடிகாரமும் காற்றும் ஒத்துப்போனால் மட்டும் ஏற்பது என்று முடிவெடுத்தோம்.

கடிகாரம் காட்டிய நாலு நேரம்

கருவியைப் பாடசாலையின் இரண்டாம் மாடியில், வீதிக்கும் வீட்டு வரிசைக்கும் நடுவாக வைத்தோம். கிழமை நாட்களில் வரைபு ஏறக்குறைய ஒரே மாதிரி வந்தது.

காலை ஆறரைக்கு மேல் கறுப்புக் காபன் ஏறத் தொடங்கி ஏழரையை ஒட்டி உச்சிக்குப் போகும். நிறம் வாகனப் பக்கம். கண்டியின் காலை நெரிசல் பாடசாலை நெரிசல்தான், ஏழரைக்கு மணி அடிப்பதற்குள் எல்லா வானும் பஸ்ஸும் உள்ளே வந்தாக வேண்டும். சனி, ஞாயிறுகளில் இந்த உச்சி கரைந்துபோனது. இடையில் வந்த ஒரு போயா (பௌர்ணமி விடுமுறை) தினத்திலும் அது இல்லை. வீட்டு அடுப்பு சனிக்கிழமையும் எரியும், போயாவுக்கும் எரியும். காலை உச்சியை அடுப்பின் தலையில் கட்ட முடியாது என்பதற்கு இதுவே போதும்.

மத்தியானம் ஒன்றரைக்குப் பாடசாலை விடும்போது வீதி மறுபடியும் காலை மாதிரியே நிறைகிறது, ஆனால் வரைபில் ஒரு சின்ன மேடு மட்டும்தான். பார்த்தவுடன் மாணவர்கள் குழம்பினார்கள்: அதே பஸ், அதே வான், கரி மட்டும் எங்கே போனது? எங்கும் போகவில்லை. மத்தியானம் நிலம் சூடாகிக் காற்று மேலெழும்பிக் கலக்கிறது, அதே அளவு கரி பல மடங்கு பெரிய இடத்தில் விரிகிறது. செறிவை மட்டும் பார்த்து “மத்தியானம் வாகனப் புகை குறைவு” என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். புகை குறையவில்லை, மூடி திறந்திருக்கிறது, அவ்வளவுதான். இதைத் தாண்டுவதற்கு ஒரு வழி, கூடவே காபனோரொட்சைட்டையும் அளந்து கரிக்கும் அதற்கும் உள்ள விகிதத்தைப் பார்ப்பது. காற்று கலக்கும்போது இரண்டும் ஒன்றாகத்தான் ஐதாகும், விகிதம் பெரிதாக மாறாது. டீசலில் காபனோரொட்சைட்டோடு ஒப்பிடக் கரி அதிகம், பெற்றோலிலும் விறகிலும் அந்த விகிதம் குறைவு. எங்கள் ஒன்றரை மணி விகிதம் காலை விகிதத்தோடு ஒத்துப்போனது.

மாலை ஆறு மணியிலிருந்து எட்டு வரை நிறம் மாறியது. புறவூதாப் பக்கம் உறிஞ்சல் எழும்பியது, விறகு. இது குடியிருப்பின் அடுப்பு, மறுக்க வழியில்லை, குடியிருப்பில் இருப்பவர்களும் மறுக்கவில்லை. ஆனால் எல்லாம் அடுப்பும் இல்லை. வெள்ளை வடிதாளில் காற்றை இழுத்துப் பிடித்த மாதிரிகளில் சில மாலைகளில் பிளாஸ்டிக் கருகிய நாற்றம் இருந்தது. மோப்பம் பிடித்துப் போனால் வீதியோரக் கடைகளின் பின்பக்கம், பொலித்தீனும் காட்போர்ட்டும் அன்றன்று கொளுத்தப்படுகிறது. நகரத்தின் எந்தக் கணக்கிலும் வராத புகை இது. ஆய்வுகூடத்தில் இதைத் திட்டமாகப் பிரிக்கலாம்: மரம் எரிந்தால் செல்லுலோசிலிருந்து லெவோகுளுக்கோசான் வரும், பிளாஸ்டிக் எரிந்தால் ட்ரைஃபினைல்பென்சீன் வரும், பைன் போன்ற ஊசியிலை மரம் எரிந்தால் ரெட்டீன் வரும், எஞ்சின் எண்ணெயிலிருந்து ஹோப்பேன்கள் வரும். ஹந்தானைச் சரிவில் பைன் தோட்டம் இருப்பதால் ரெட்டீன் கண்டிக்குப் பொருத்தமான அடையாளம், காட்டுத் தீப் புகையை அடுப்புப் புகையிலிருந்து பிரிக்க உதவும். பலர் நம்பும் பொற்றாசியம் மட்டும் கண்டியில் கவனமாகக் கையாள வேண்டியது. விறகுச் சாம்பலில் அது உண்டு, சரிதான், ஆனால் மண்ணிலும் உண்டு, பட்டாசிலும் உண்டு. தீபாவளி வாரத்திலோ சித்திரை வருடப்பிறப்புக்கோ பொற்றாசியத்தைப் பார்த்து விறகு என்று எழுதினால் முழுக் கணக்கும் பிழைக்கும். எசல பெரஹரா ஊர்வலம் நடக்கும் நாட்களில் கொப்பரைப் பந்தங்களின் கரி வேறு சேரும், அந்த நாட்களைத் தனியாக எடுத்து வைக்க வேண்டும்.

நாலாவது நேரம்தான் யாரும் எதிர்பாராதது. விடியற்காலை இரண்டரை மூன்று மணிக்கு ஓர் உச்சி. வீதியில் ஒரு வாகனம் இல்லை, எந்த வீட்டிலும் அடுப்பு மூட்டவில்லை. நிறம் சந்தேகமில்லாமல் விறகு. கருவிக் கோளாறு என்று முதலில் ஒரு மாணவன் சொன்னான், ஆனால் கோளாறு ஒவ்வொரு நாளும் ஒரே நேரத்துக்கு வந்து ஒரே நேரத்துக்குப் போகாது. மேட்டுக்கு மேலே, வளைவுக்கு அப்பால் ஒரு பேக்கரி இருக்கிறது. அந்த நேரத்தில்தான் போறணைக்கு இறப்பர் மர விறகு போட்டு மூட்டுகிறார்கள், ஆறு மணிக்குள் பாண் கடைக்குப் போக வேண்டும். புகைபோக்கி கூரை மட்டத்தோடு நின்றுவிட்டது. விறகு மழையில் நனைந்தபடி வெளியே அடுக்கியிருந்தது. ஈர விறகு முதலில் தண்ணீரை ஆவியாக்கவே சூட்டைச் செலவழிக்கும், தீ தணிந்து புகையும். அந்த நேரம் மலைச்சரிவில் குளிர்ந்த காற்று கீழே வடிகிற நேரம். போறணைப் புகை அப்படியே சரிவு வழியாக இறங்கி முதலில் வீட்டு வரிசைக்குள், அப்புறம் பாடசாலைக்குள் புகுந்து, ஜன்னல் மூடிய வகுப்பறைகளில் விடியும் வரை தேங்கி நின்றது. காலையில் கதவைத் திறக்கும் ஆசிரியர்கள் “அடுப்புப் புகை நாற்றம்” என்று சொன்னார்களே, அது உண்மை. விறகுப் புகைதான், ஆனால் வேறு இடத்து விறகு. குடியிருப்பு அந்தப் புகையைத் தரவில்லை, பாடசாலைக்கு முன்னால் தானே வாங்கிக்கொண்டிருந்தது.

சான்றிதழ் இருந்தும் கறுப்பாகக் கக்குவது ஏன்

காலை உச்சி பஸ் தரிப்பிடத்தில் என்று தெரிந்ததும் பஸ்காரர்களோடு வாக்குவாதம் வரும் என்று பயந்தேன். மெக்கானிக் ஐயா கூட இருந்ததால் வரவில்லை. அவர் சாரதிகளோடு எஞ்சின் பாஷையில் பேசினார், எனக்கும் அப்போதுதான் பல விஷயம் விளங்கியது.

டீசல் எஞ்சின் சமநிலத்தில் ஒரே வேகத்தில் ஓடும்போது காற்று தாராளமாக இருக்கும், கரி குறைவு. நின்ற இடத்திலிருந்து, ஆட்கள் நிறைந்த பஸ்ஸை, ஏற்றத்தில் இழுக்கும்போது சாரதி மிதிக்கிறார், எரிபொருள் உடனே கூடும், காற்று அந்த வேகத்தில் வராது. அந்தச் சில விநாடிக்குக் கறுப்பு மேகம். காற்று வடிகட்டி தூசியில் அடைத்திருந்தால், இன்ஜெக்டர் நொசில் தேய்ந்து தூறலாகத் தெளிக்காமல் சொட்டுச் சொட்டாக விட்டால், மேகம் இன்னும் தடிக்கும். மேலே போகப் போகக் காற்றும் ஐதாகிறது: 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கும் நுவரெலியாவில் காற்றழுத்தம் கடல் மட்டத்தை விட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. டர்போ இல்லாத பழைய எஞ்சினுக்கு அது பெரிய இழப்பு, கொழும்பில் அளந்து வைத்த எரிபொருள் அங்கே அதிகப்படி. வருடாந்தப் புகைப் பரிசோதனை எப்படி நடக்கிறது? பஸ் நின்ற இடத்தில், கியர் போடாமல், எக்ஸிலேற்றரை மிதித்து விட்டு, வரும் புகை ஒளியை எவ்வளவு மறைக்கிறது என்று பார்க்கிறார்கள். அறுபது பேரை ஏற்றிக்கொண்டு கடுகண்ணாவை ஏற்றத்தில் இழுக்கும் நிலை அந்தச் சோதனைக்குள் வருவதே இல்லை. “சான்றிதழ் பொய் இல்ல டீச்சர். அது நிக்கிற பஸ்ஸுக்குக் குடுத்தது” என்றார் ஐயா.

பஸ் தரிப்பிடம் ஏற்றத்தின் அடியில் இருப்பதுதான் இங்கே உள்ள வினை. ஒவ்வொரு பஸ்ஸும் நின்று, ஏற்றி, மறுபடி இழுத்துக்கொண்டு கிளம்புவது பாடசாலையின் கீழ்மாடி ஜன்னலுக்கு நேராக. நூறு மீற்றர் முன்னால், சமநிலத்தில் நிறுத்தினால் அதே பஸ் அதே எஞ்சினோடு வேகம் எடுத்துக்கொண்டு ஏற்றத்துக்கு வரும். புது பஸ் வாங்கச் சொல்லவில்லை, தரிப்பிடத்தை நகர்த்தச் சொல்கிறோம்.

2022 சொன்னது, இந்தியப் பக்கத்திலிருந்து வருவது

கடிதம் எழுதியவர்கள் ஒன்றை ஆதாரமாகச் சொல்லியிருந்தார்கள்: 2022இல் எரிபொருள் தட்டுப்பாட்டு நேரம் வாகனமே ஓடவில்லை, அப்போதும் பாடசாலையில் கரி இருந்தது, ஆகவே அடுப்புதான். அந்த வருடத்தை நன்றாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணி நேரம் மின்வெட்டு இருந்தது, கடைக்குக் கடை டீசல் ஜெனரேற்றர் வீதியோரம் நின்றது, வீடுகளில் குப்பி விளக்கு திரும்பி வந்தது. ஜூன் கடைசியில் அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டும் எரிபொருள் என்று அறிவித்தபோது வீதி வெறிச்சோடியது உண்மை, ஆனால் அதே காலத்தில் சமையல் எரிவாயுவும் இல்லை. அதுவரை விறகைத் தொடாத மாடி வீடுகளிலும் முற்றத்தில் கல் வைத்து எரித்தார்கள். அன்றைய நிலை எந்தச் சாதாரண வருடத்துக்கும் பொருந்தாது. அதை வைத்துக் குடியிருப்பின் அடுப்பை மட்டும் பிடிப்பது அநியாயம் என்றுதான் நான் நினைக்கிறேன்.

அப்புறம் வெளியிலிருந்து வருவது. அதே வருடம் டிசம்பர் 8ஆம் திகதி மாண்டஸ் புயல் வங்காள விரிகுடாவில் இருந்தபோது இந்தியப் பக்கத்திலிருந்து மாசுக் காற்று தீவு முழுவதும் இறங்கி, மறுநாள் பாடசாலைகளை மூடினார்கள், எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். அது உச்சக்கட்டம், ஆனால் வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்தில் சிறிய அளவில் இது நடப்பதுதான். இதைப் பிரிக்க வழி இருக்கிறது. உள்ளூர்க் கரி வரைபில் கூராக எழும்பி விழும், தூரத்துக் கரி அடித்தளத்தையே மெதுவாக உயர்த்தி, இரவு பகல் பார்க்காமல் நாட்கணக்கில் நிற்கும். கொழும்பு, யாழ்ப்பாணம், நுவரெலியா என்று ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இடங்களிலும் ஒரே நேரத்தில் உயர்ந்தால் அது பஸ் தரிப்பிடத்தின் வேலை இல்லை. அந்தத் தூரத்துக் கரியும் எதிலிருந்து வந்தது என்று கேட்கலாம். நிலத்தடி எண்ணெயில் கதிரியக்கக் காபன் 14 இல்லை, 5,730 வருட அரைவாழ்வு கொண்ட அது எப்போதோ சிதைந்து முடிந்துவிட்டது. நேற்று வெட்டிய விறகில் இருக்கிறது. மாலைதீவின் ஹனிமாதூவிலும் மேற்கு இந்தியாவின் சிங்ககாட்டிலும் பிடித்த துகள்களில் இதை அளந்து 2009இல் வெளியிட்டார்கள்: மொத்தக் காபன் துகளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு விறகு, சாணம், பயிர்க்கழிவு எரித்ததிலிருந்து வந்தது, கரியை மட்டும் எடுத்தால், அதைப் பிரித்தெடுக்கும் முறையைப் பொறுத்து, ஏறக்குறையப் பாதியிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு வரை. தெற்காசியாவின் குளிர்காலப் புகையில் அடுப்புக்கு உண்மையிலேயே பெரிய பங்கு இருக்கிறது. அதனாலேயே ஒவ்வொரு மேட்டிலும் அடுப்புதான் காரணம் என்று ஆகிவிடாது.

அம்மாவின் அடுக்களை

கருவியைத் திருப்பிக் கொடுக்க முன், அந்த மாணவியின் வீட்டு அடுக்களையில் ஒரு மாலை வைத்துப் பார்த்தோம். அரிசி உலை கொதிப்பதற்குள் நாடா கறுத்து, கருவி அடுத்த புள்ளிக்குத் தாவியது, பிறகு மறுபடி தாவியது. பாடசாலை மாடியில் காலை உச்சியில்கூட இப்படி ஓடியதில்லை. ஜன்னல் இல்லாத காம்பரா, புகை போக வழி கதவு ஒன்றுதான், கதவடியில் நாலு வயதுப் பிள்ளை உட்கார்ந்து விளையாடிக்கொண்டிருந்தது.

இந்த ஆய்வில் எனக்கு முக்கியமாகப் பட்டது இதுதான். வகுப்பறைக் கரியில் அந்த அடுப்பின் பங்கு சிறியது. அந்த அம்மாவின் நெஞ்சுக்குள் போகும் கரியில் அதுதான் பெரும்பங்கு. மூலம் எது என்ற கேள்வியை யாருடைய மூச்சுக்கு என்று சொல்லாமல் கேட்கக் கூடாது. “அடுப்பு காரணமில்லை” என்று நாங்கள் நிரூபித்துவிட்டுப் போனால் அந்த வீட்டுப் பெண்களுக்கு ஒரு பிரயோசனமும் இல்லை. எண்பதுகளில் இருந்து நம் நாட்டில் புழங்கும் அனகி அடுப்பு நல்லது, இரண்டு சட்டி ஒரே தீயில் வேகும், விறகு மிச்சம். ஆனால் அதற்குப் புகைபோக்கி கிடையாது, காற்றோட்டமில்லாத காம்பராவில் வைத்தால் புகை குறையுமே தவிர வெளியே போகாது. இங்கே முதலில் வேண்டியது கூரை வழியாக வெளியேறும் ஒரு புகைபோக்கியும் கதவுக்கு எதிரே திறக்கும் ஒரு ஜன்னலும். தோட்டப் பக்கத்தில் கவ்வாத்து மிலாறை (வெட்டிக் கழித்த தேயிலைக் கிளைகளை) எரிக்கும் வீடுகளுக்கும் இதையேதான் சொல்வேன். மிலாறு வெட்டிய உடனே எரித்தால் கண் எரியும், கூரைக்குக் கீழே காய வைத்து எரித்தால் புகை பாதியாகக் குறைவது கண்ணுக்கே தெரியும்.

இப்போதைய நிலை. பேக்கரி உரிமையாளரிடம் வரைபைக் காட்டியதும் அவர் எங்களோடு சண்டை பிடிக்கவில்லை, விறகுக்கு ஒரு தகரக் கூரை போட்டு, புகைபோக்கியையும் கூரைக்கு மேலே உயர்த்தியிருக்கிறார். விடியற்காலை நாற்றம் குறைந்துவிட்டதாகக் காவலாளி சொல்கிறார், கருவி வைத்துப் பார்த்த பிறகுதான் நான் எழுதுவேன். பின்சுவரின் பீலியைப் பழைய மாணவர்கள் மாற்றிக் கொடுத்தார்கள். பஸ் தரிப்பிடம் பற்றிய மனுவோடு கிழமை நாள், சனி ஞாயிறு வரைபு இரண்டையும் இணைத்துக் கொடுத்திருக்கிறோம், பதில் வரவில்லை. குடியிருப்பைக் குறை சொன்ன கடிதத்தை வாபஸ் வாங்கும்படி தனியாக ஒரு கடிதமும் போயிருக்கிறது. அதில் அந்த அம்மாவும் கையெழுத்துப் போட்டார்.

டிசம்பரில் வடகீழ்க் காற்று தொடங்கியதும் மறுபடி அளக்கிறோம். இந்த முறை ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில்: ஒன்று மேட்டில், மற்றது நெரிசலுக்கு எட்டாத உயரத்தில் ஹந்தானைப் பக்கம். மேலே அளப்பதைக் கீழே அளப்பதிலிருந்து கழித்தால் மேடு தானாகச் சேர்த்த கரி எவ்வளவு என்று வந்துவிடும். லெவோகுளுக்கோசான் பார்ப்பதற்குக் குவாட்ஸ் வடிதாள்கள் தேவை, முன்கூட்டியே உயர்ந்த வெப்பத்தில் சுட்டு அதிலுள்ள காபனை நீக்கி, அலுமினியத் தாளில் சுற்றி உறைகுளிரில் வைக்க வேண்டும். பேராதனை மாணவி அதற்கு அடுப்பு ஒன்றைக் கேட்டு வைத்திருக்கிறாள். மலைநாட்டில் வேறு ஊரில் யாராவது அதே வாரங்களில் அளக்கத் தயாராக இருந்தால் நேரத்தை ஒத்து வைத்துக்கொள்ளலாம், மூன்றாவது இடம் ஒன்று இருந்தால் கணக்கு இன்னும் உறுதியாகும்.